மாஸ்டர்ஸ் முடித்த பிறகு கலிஃபோர்னியாவில் கவுன்சலிங் லைசென்ஸ்: 3,000 மணி நேரத்தைச் சேர்க்க முழுமையான வழிகாட்டி

கவுன்சலிங்கில் மாஸ்டர்ஸ் முடித்தவர் கலிஃபோர்னியாவில் எல்.பி.சி.சி. (லைசென்ஸ்டு புரொஃபஷனல் கிளினிக்கல் கவுன்சலர்) லைசென்ஸ் வாங்க, பட்டத்துக்குப் பிறகு குறைந்தது 104 வாரங்களில் 3,000 மணி நேரம் சூப்பர்விஷனில், அதாவது லைசென்ஸ் உள்ள ஒருவரின் மேற்பார்வையில், வேலை செய்திருக்க வேண்டும். அந்த மணிகளை எண்ணுவது சாக்ரமெண்டோவில் உள்ள போர்டு ஆஃப் பிஹேவியரல் சயின்சஸ், சுருக்கமாக பி.பி.எஸ்.

நானும் இந்த வழியாக வந்தவள்தான். இப்போது அசோசியேட்டுகளுக்கு, அதாவது பட்டம் முடித்து லைசென்ஸுக்காக மணி சேர்ப்பவர்களுக்கு, சூப்பர்வைசராக இருக்கிறேன். மனம் ஒன்றி வேலை பார்க்கிறவர்களே இரண்டு வருட முடிவில் மணி குறைந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் உழைத்த மணி வேறு, போர்டு எண்ணும் மணி வேறு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். விதிகள் பெரும்பாலும் ஜனவரி 1-ஆம் தேதி மாறும். அதனால் வருடத் தொடக்கத்தில் பி.பி.எஸ். தளத்தில் இருக்கும் கையேட்டைப் புதிதாக இறக்கிப் படித்துவிடுங்கள்.

1. முதலில் பட்டத்தைச் சரிபாருங்கள்

பட்டத்தில் 60 செமஸ்டர் யூனிட் அல்லது 90 குவார்ட்டர் யூனிட் இருக்க வேண்டும். படிக்கும்போதே செய்த பிராக்டிகம் என்ற களப்பயிற்சியில் 280 மணி நேரம் கிளையண்டுகளோடு நேருக்கு நேர் கவுன்சலிங் செய்திருக்க வேண்டும். போர்டு கேட்கும் 13 முக்கியப் பாடப் பகுதிகளும் டிரான்ஸ்கிரிப்டில் தெரிய வேண்டும். இதைக் கல்லூரி ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு உறுதி செய்யும். பட்டம் வாங்கிய கையோடு அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். புரோகிராம் டைரக்டர் மாறிப்போனால் உங்கள் பிராக்டிகத்தை அறிந்தவர் அங்கே இருக்கமாட்டார்.

இந்தியாவில் எம்.எஸ்சி. முடித்து வந்தவர்கள் வேறு எதிலும் பணம் கட்டுவதற்கு முன், வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனங்களின் கூட்டமைப்பான நேசஸில் உறுப்பினராக உள்ள நிறுவனத்திடம் பட்டத்தைக் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். யூனிட் எத்தனை, பிராக்டிகம் எத்தனை என்று தெரிந்த பிறகுதான் இங்கே மறுபடி படிக்க வேண்டுமா என்பதை முடிவு செய்ய முடியும்.

இங்கே பலர் ஏமாறுவது ஒரு விஷயத்தில். உங்களோடு படித்த தோழி எல்.எம்.எஃப்.டி. (திருமண, குடும்ப தெரபிஸ்ட்) பாதையில் போகிறார் என்றால், படிக்கும்போது செய்த மணிகளில் 1,300 வரை அவருக்குக் கணக்கில் வரும். எல்.பி.சி.சி. பாதையில் அப்படி ஒரு மணிகூட வராது, 3,000 மணியும் பட்டத்துக்குப் பிறகே. இரண்டு பாதைக்கும் தகுதி தரும் கோர்ஸ்களில் படித்தவர்கள் இதை இறுதி ஆண்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

2. விசாவுக்கும் 104 வாரத்துக்கும் கணக்குப் போடுங்கள்

எஃப்-1 மாணவர் விசாவில் படித்தவருக்கு, படிப்புக்குப் பின் வேலை செய்ய அனுமதிக்கும் ஓ.பி.டி. 12 மாதம், அதாவது 52 வாரம். போர்டு கேட்பது 104 வாரம். கூடுதலாகக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டுமே. உங்கள் ஐ-20 படிவத்தில் உள்ள, படிப்பின் வகையைக் குறிக்கும் சி.ஐ.பி. எண் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று, வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் கல்லூரி அதிகாரியான டி.எஸ்.ஓ.விடம் கேளுங்கள். இல்லையென்றால் இரண்டாம் வருடத்துக்கு என்ன வழி என்பதை வேலையில் சேரும் முன்பே பேசியாக வேண்டும்.

ஹெச்-4 விசாவில், வேலை அனுமதி அட்டையான ஈ.ஏ.டி.க்குக் காத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, “அக்கா, ஈ.ஏ.டி. இன்னும் வரல. வாலண்டியரா மணி சேர்க்கலாமா?” என்றுதான். வாலண்டியராகச் செய்த மணியை பி.பி.எஸ். ஏற்கும். ஆனால் குடியேற்றச் சட்டம் அதை ஏற்குமா என்பது வேறு கேள்வி. அடுத்தவர் சம்பளத்துக்குச் செய்யும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்தாலும் அந்தச் சட்டத்தின் கண்ணில் அது வேலையாகவே படலாம். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்காமல் இதில் இறங்காதீர்கள். லைசென்ஸுக்காக ஓடி கிரீன் கார்டைச் சிக்கலாக்கிக்கொள்ளக் கூடாது.

3. பட்டம் வழங்கப்பட்ட தேதியிலிருந்து 90 நாள்

டிரான்ஸ்கிரிப்டில் பட்டம் வழங்கப்பட்டதாக அச்சாகியிருக்கும் தேதிதான் தொடக்கப் புள்ளி. கடைசி வகுப்பு நடந்த நாளும், கவுன் போட்டு மேடை ஏறிய நாளும் இதில் சேராது. அந்தத் தேதியிலிருந்து 90 நாளுக்குள் ஏ.பி.சி.சி. எனப்படும் உங்கள் அசோசியேட் பதிவு விண்ணப்பம் போர்டின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், பதிவு எண் வருவதற்கு முன் செய்த மணிகளும் கணக்கில் வரும். 91-ஆம் நாள் சேர்ந்தால், எண் வந்த நாளிலிருந்து மட்டுமே.

இந்தச் சலுகைக்கு இரண்டு நிபந்தனைகள். வேலையிடம் உங்களுக்கு லைவ் ஸ்கேன் கைரேகைச் சோதனை நடத்தி முடித்த பிறகே நீங்கள் கிளையண்டைப் பார்த்திருக்க வேண்டும். எண் வரும்வரை பிரைவேட் பிராக்டிஸில் ஒரு கிளையண்டைக்கூடப் பார்த்திருக்கக் கூடாது.

லைவ் ஸ்கேன் இரண்டு முறை நடக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஒன்று போர்டுக்கு, மற்றொன்று வேலையிடத்துக்கு. “ஏற்கெனவே கைரேகை கொடுத்துட்டேனே” என்று வேலையிடத்துச் சோதனையை விட்டுவிட்டு, இரண்டு வருடம் கழித்து அதன் நகலைப் போர்டு கேட்கும்போது தவித்தவர்கள் உண்டு. ஆபரேட்டர் கையெழுத்திட்டுத் தரும் அந்த ஒற்றைத் தாளை அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்துக்கு எஸ்.எஸ்.என். (சமூகப் பாதுகாப்பு எண்) அல்லது ஐ.டி.ஐ.என். (வரி அடையாள எண்) தேவை. இரண்டும் இல்லாதவர்கள் பட்டம் வாங்கும் முன்பே அதற்கான வேலையைத் தொடங்கினால்தான் 90 நாள் போதும்.

4. வேலையில் சேரும் முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: டபிள்யூ-2 தருவீர்களா, 1099-ஆ? அசோசியேட் ஊழியராகவோ வாலண்டியராகவோ மட்டுமே மணி சேர்க்க முடியும். டபிள்யூ-2 ஊழியருக்குத் தரும் வரிப் படிவம். 1099 என்றால் சுயதொழில் ஒப்பந்தக்காரர், அந்த மணிகளைப் போர்டு எண்ணாது. சம்பளம் சற்றுக் கூடுதலாகத் தெரிகிறதே என்று 1099-க்குச் சம்மதிக்காதீர்கள்.

அடுத்து: வாரத்துக்கு எத்தனை கிளையண்டுகள் நிஜமாகவே வருவார்கள்? “இருபது பேர் தருகிறோம்” என்பார்கள். இப்போது அங்கே வேலை பார்க்கும் அசோசியேட்டிடம் தனியாகக் கேட்டால் பன்னிரண்டு என்பார். அந்தப் பன்னிரண்டை வைத்துத்தான் நீங்கள் கணக்குப் போட வேண்டும்.

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. சூப்பர்வைசர் லீவில் போனால் அந்த வாரம் யார் சூப்பர்விஷன் தருவார்? என் முதல் வேலையிடத்தில் இதை நான் கேட்கவில்லை. டிசம்பரில் சூப்பர்வைசர் இரண்டு வாரம் ஊருக்குப் போனார். விடுமுறைக் காலம் என்பதால் மனம் உடைந்து வருகிறவர்கள் கூடுதல். ஒரு வாரம் 11 மணி, அடுத்த வாரம் 13 மணி. பொறுப்பாகப் பார்த்தேன், நோட் எழுதினேன். பதிலுக்கு வேறு சூப்பர்வைசரை ஏற்பாடு செய்யவில்லை. அந்த 24 மணியில் ஒன்றுகூடக் கணக்கில் வரவில்லை. சூப்பர்விஷன் இல்லாத வாரத்தில் அசோசியேட் கிளையண்ட் பார்ப்பது கிளையண்டுக்கும் பாதுகாப்பில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இன்று என்னிடம் வரும் அசோசியேட்டுகளுக்கு மாற்று சூப்பர்வைசரின் விவரத்தை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

5. சூப்பர்வைசரைச் சரிபாருங்கள்

லைசென்ஸ் உள்ள எல்லோரும் சூப்பர்வைசர் ஆகிவிட முடியாது. கடந்த ஐந்து வருடத்தில் குறைந்தது இரண்டு வருடமாவது அவரது லைசென்ஸ் நடப்பில் இருந்திருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையாக விதிக்கப்படும் புரொபேஷனில் இருக்கக் கூடாது. உங்கள் உறவினராகவோ, உங்களுக்கே முன்பு தெரபி கொடுத்தவராகவோ இருக்கக் கூடாது. சூப்பர்விஷன் பயிற்சி முடித்திருக்க வேண்டும்.

மாநில அரசின் லைசென்ஸ் தேடல் பக்கத்தில் அவர் பெயரைப் போட்டால் லைசென்ஸ் நிலை, காலாவதித் தேதி, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் தெரியும். பெரியவரைச் சோதிப்பதா என்று நம் ஆட்கள் தயங்குகிறார்கள். அந்தப் பக்கம் பொதுமக்கள் பார்ப்பதற்காகவே வைக்கப்பட்டது. அவர் லைசென்ஸைப் புதுப்பிக்கத் தவறினால் அந்த இடைவெளியில் நீங்கள் சேர்த்த மணியும் கேள்விக்குள்ளாகும். அதனால் அவர் லைசென்ஸ் முடியும் தேதியை உங்கள் காலண்டரிலும் குறித்து வையுங்கள்.

தம்பதிகளையும் குடும்பங்களையும் பார்க்க விரும்புகிறவர்கள், எல்.பி.சி.சி.க்கு அதற்கெனத் தனித் தகுதி உறுதிப்படுத்தல் இருப்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அதற்குத் தகுதியுள்ள சூப்பர்வைசர் வேண்டும். அந்த மணிகளைத் தனிக் கட்டத்திலும் எழுதி வர வேண்டும். பின்னால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

6. ஒப்பந்தப் படிவம்: 60 நாளுக்குள்

சூப்பர்விஷன் தொடங்கிய 60 நாளுக்குள் நீங்களும் சூப்பர்வைசரும் சூப்பர்விஷன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். முதல் சந்திப்பிலேயே முடித்துவிடுங்கள். அசல் உங்களிடம்தான் இருக்க வேண்டும், லைசென்ஸ் விண்ணப்பத்தோடு அதை அனுப்ப வேண்டியவர் நீங்கள்.

சூப்பர்வைசர் அந்த நிறுவனத்தின் ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து வருபவர் என்றால், அவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே எழுத்துப்பூர்வமான மேற்பார்வை ஒப்பந்தம் ஒன்று தனியாக வேண்டும். கிளையண்டின் ஃபைலை அவர் பார்க்க நிறுவனம் சம்மதிக்கிறது என்பதற்கு அதுதான் ஆதாரம்.

7. வாரக் கணக்கு: மணிகள் தொலைவது இங்கேதான்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

சூப்பர்விஷனைப் போர்டு யூனிட்டில் எண்ணும். ஒரு மணி நேரம் தனியாகவோ, இரண்டு அசோசியேட்டுகள் சேர்ந்த ட்ரையாடிக் முறையிலோ உட்கார்ந்தால் ஒரு யூனிட். குழுவாக என்றால் இரண்டு மணி நேரம் சேர்ந்துதான் ஒரு யூனிட். குழுவில் எட்டுப் பேருக்கு மேல் கூடாது.

ஒவ்வொரு வாரமும், ஒவ்வொரு வேலையிடத்திலும் குறைந்தது ஒரு யூனிட் வேண்டும். அந்த வாரம் அந்த இடத்தில் டைரக்ட் மணி, அதாவது கிளையண்டோடு உட்கார்ந்த நேரம், 10-ஐத் தாண்டினால் இன்னொரு யூனிட் வேண்டும். 11 ஆனாலும் 25 ஆனாலும் இரண்டு யூனிட் போதும். போன வாரம் கூடுதலாக உட்கார்ந்தோமே என்று இந்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ள முடியாது. காரணம் எளிது: இந்த வாரம் வந்த கிளையண்டின் சிக்கலை இந்த வாரமே அனுபவமுள்ள ஒருவர் கேட்டிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த விதி.

சேலத்திலிருந்து வந்து இங்கே படித்த ஒரு தங்கை தன் லாகை, அதாவது வாரவாரம் மணிகளை எழுதும் பதிவேட்டை, என்னிடம் காட்டினார். திங்கள் 4 கிளையண்ட், செவ்வாய் 3, வியாழன் 5, சனிக்கிழமை குழு கவுன்சலிங் 2 மணி. மொத்தம் 14. புதன்கிழமை தனி சூப்பர்விஷன் ஒரு மணி நேரம், அது ஒரு யூனிட். வெள்ளிக்கிழமை குழு சூப்பர்விஷன் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டியது, ஸ்டாஃப் மீட்டிங் வந்ததால் ஒரு மணியில் முடித்துவிட்டார்கள். குழுவில் ஒரு மணி என்றால் அரை யூனிட், அதற்கு மதிப்பில்லை. ஆக அந்த வாரம் அவரிடம் இருந்தது ஒரே யூனிட், 14-ல் எண்ணக்கூடியது 10. நான்கு மணி போயிற்று. இதேபோல 26 வாரம் நடந்திருந்தது. 104 மணி.

அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை மாலை கணக்குப் பார்த்திருந்தால், “மீதி ஒரு மணி நேரத்தைச் சனிக்கிழமைக்குள் வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டிருக்கலாம். அதே வாரத்துக்குள் என்றால் குழு சூப்பர்விஷனை ஒவ்வொரு மணி நேரமாகப் பிரிக்க இடமுண்டு. கேட்பதற்குக் கூச்சப்பட்டுத்தான் இப்படி ஆகிறது.

இன்னும் சில எல்லைகள். எந்த ஏழு தொடர் நாளிலும் 40 மணிக்கு மேல் எண்ணமாட்டார்கள். 104 வாரங்களில் 52 வாரமாவது தனி அல்லது ட்ரையாடிக் சூப்பர்விஷன் நடந்திருக்க வேண்டும், முழுக்க முழுக்கக் குழுவிலேயே ஓட்ட முடியாது. போனில் பேசிய சூப்பர்விஷன் சேராது. நேரிலோ நேரலை வீடியோவிலோ இருக்க வேண்டும்.

8. 1,750-ம் 1,250-ம்

3,000-ல் குறைந்தது 1,750 டைரக்ட் மணி இருக்க வேண்டும். மீதி 1,250 வரை இன்டைரக்ட் மணி: நோட்டும் ரிப்போர்ட்டும் எழுதுவது, சோதனைகள் நடத்தி மதிப்பிடுவது, கிளையண்டுக்காகப் பள்ளியிடமோ வேறு சேவைகளிடமோ பேசுவது, சூப்பர்வைசர் ஒப்புக்கொண்ட பயிற்சி வகுப்புகள், சூப்பர்விஷனில் உட்கார்ந்த நேரம்.

இன்டைரக்ட் மணி தானாகச் சேர்ந்துவிடும், யாருக்கும் அது குறைந்ததாக நான் பார்த்ததில்லை. டைரக்ட் மணிதான் இழுத்தடிக்கும். 1,750-ஐ 104-ஆல் வகுத்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 17. லீவு, காய்ச்சல், கிளையண்ட் வராத நாள் எல்லாம் போக 17 நிற்க வேண்டுமென்றால் வாரத்துக்கு 22 பேராவது அட்டவணையில் இருக்க வேண்டும் என்பது என் அனுபவம். 12 மணிதான் கிடைக்கிற இடம் என்றால் 146 வாரம் ஆகும், ஏறக்குறைய மூன்று வருடம். அப்படி இருப்பது தவறில்லை, கைக்குழந்தையோடு இருப்பவர்களுக்கு அதுவே சரியான வேகமாக இருக்கலாம். ஆனால் பழைய மணிகளுக்குக் காலாவதி உண்டு. லைசென்ஸ் விண்ணப்பம் போர்டை அடையும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். நடுவில் நீண்ட இடைவெளி எடுப்பவர்கள் கையேட்டில் உள்ள கால எல்லையைக் கட்டாயம் பாருங்கள்.

கிளையண்ட் வராத நேரம் டைரக்ட் ஆகாது. 50 நிமிட செஷனை 50 நிமிடமாகவே எழுதுங்கள். மீதிப் பத்து நிமிடம் நோட் எழுதினால் அது இன்டைரக்ட் கட்டத்துக்குப் போகும்.

9. லாக் எழுதுவது

வார லாகை அந்த வாரமே எழுதி, அந்த வாரமே சூப்பர்வைசரின் கையெழுத்தை வாங்குங்கள். மூன்று மாதத்தைச் சேர்த்து ஒரே நாளில் எழுதினால் எந்த வாரம் எத்தனை என்பது உங்களுக்கே நினைவிருக்காது. போர்டு வழக்கமாக லாகைக் கேட்பதில்லை, சந்தேகம் வந்தால் கேட்கும். கேட்கும்போது இருக்க வேண்டும். லைசென்ஸ் வரும்வரை ஒரு தாளையும் எறியாதீர்கள்.

வேலையிடம் தரும் மென்பொருளில் மட்டும் வைத்திருக்காதீர்கள். வேலையை விட்ட அன்றே லாகின் போய்விடும். வாரந்தோறும் பி.டி.எஃப். ஒன்று உங்கள் சொந்த இடத்தில் இருக்கட்டும். அதில் கிளையண்டின் பெயரோ அடையாளமோ இருக்கக் கூடாது, மணிக்கணக்கு மட்டும்.

தமிழில் கவுன்சலிங் செய்கிறவர்களுக்கு ஒரு சொல். கிளையண்ட் “நெஞ்சு அடைக்குது”, “மனசு விட்டுப்போச்சு” என்று சொல்வதை நோட்டில் வெறுமனே பதற்றம், மனச்சோர்வு என்று மாற்றி எழுதிவிடாதீர்கள். தமிழ் தெரியாத சூப்பர்வைசர் உங்கள் நோட்டை நம்பித்தான் அந்தக் கிளையண்டைப் பார்க்கிறார். சொன்ன வார்த்தையை அப்படியே ஒலிபெயர்த்து, பக்கத்தில் பொருளையும் எழுதுங்கள். நெஞ்சு அடைப்பு உடல் நோயா, துக்கமா என்று சேர்ந்து யோசிக்க அவருக்கு அது வழி விடும்.

10. சட்டம், நெறிமுறைத் தேர்வு: முதல் வருடத்திலேயே

அசோசியேட் பதிவின் முதல் வருடத்துக்குள் கலிஃபோர்னியாவின் சட்டம், நெறிமுறைத் தேர்வை எழுதியாக வேண்டும். தோற்றாலும் பதிவைப் புதுப்பிக்கலாம், எழுதவே இல்லையென்றால் முடியாது. தோற்றால் அடுத்த முறைக்கு 90 நாள் காத்திருக்க வேண்டும். ஆகவே பத்தாவது மாதம்வரை தள்ளாதீர்கள். ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் மூன்று மணி நேரச் சட்ட, நெறிமுறைப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும்.

கல்லூரியில் படித்த பொது நெறிமுறை மட்டும் இதற்குப் போதாது. குழந்தை வன்கொடுமை என்று நியாயமான சந்தேகம் எழுந்தால் உடனே போனில் புகார், 36 மணி நேரத்துக்குள் எழுத்தில் அறிக்கை. இப்படி இந்த மாநிலத்துக்கே உரிய விவரங்களைக் கேட்பார்கள். நம் சமூகத்தில் வேலை செய்யும்போது இது தேர்வோடு நிற்பதில்லை. “நான்தானே ஃபீஸ் கட்டுறேன், அவ என்ன சொன்னான்னு சொல்லுங்க” என்று கணவர் போன் செய்வார். அவர் மனைவி உங்களிடம் வருகிறார் என்பதையே நீங்கள் அவரிடம் ஒப்புக்கொள்ளக் கூடாது. அந்தப் பதிலைச் சூப்பர்விஷனில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

11. வேலை மாறும்போது கையெழுத்து வாங்காமல் வெளியே வராதீர்கள்

ஒவ்வொரு சூப்பர்வைசரிடமிருந்தும் அனுபவச் சான்றுப் படிவம் ஒன்று வேண்டும். வேலையை விடும் கடைசி வாரத்தில் லாகோடு ஒப்பிட்டு நிரப்பி, கையெழுத்து வாங்கிவிடுங்கள். சூப்பர்வைசர்தான் வேலையை விடுகிறார் என்றாலும் அதேதான். ஆட்கள் வேறு மாநிலம் போகிறார்கள், ஓய்வு பெறுகிறார்கள், இறந்தும் போகிறார்கள். படிவத்தில் உள்ள கூட்டலும் லாகில் உள்ள கூட்டலும் ஒரு மணி வித்தியாசப்பட்டாலும் கையெழுத்துக்கு முன்பே சரிசெய்யுங்கள். அதன் பிறகு அடித்துத் திருத்தினால் போர்டு விளக்கம் கேட்கும், அதற்கே வாரக்கணக்கில் போய்விடும்.

12. விண்ணப்பம், என்.சி.எம்.ஹெச்.சி.இ., லைசென்ஸ்

3,000-ஐத் தொட்ட அன்றே விண்ணப்பிக்காதீர்கள். போர்டு சில வாரங்களைத் தள்ளுபடி செய்தாலும் தாங்கும்படி 50 முதல் 100 மணி வரை கூடுதலாகச் சேர்த்துவிட்டு அனுப்புங்கள். சான்றுப் படிவங்கள், சூப்பர்விஷன் ஒப்பந்தங்களின் அசல், 90 நாள் விதியில் வந்தவர் என்றால் வேலையிடத்து லைவ் ஸ்கேன் நகல், எல்லாம் ஒன்றாகப் போக வேண்டும்.

மணிகளைப் போர்டு ஏற்ற பிறகு, சட்டத் தேர்விலும் தேறியிருந்தால், என்.சி.எம்.ஹெச்.சி.இ. தேசியத் தேர்வுக்கு அனுமதி வரும். 11 கேஸ்கள், 225 நிமிடம். ஒரு கேஸுக்கு 20 நிமிடத்துக்கு மேல் எடுத்தால் கடைசிக் கேஸ்களுக்கு நேரம் இருக்காது. மனப்பாடம் இதற்கு உதவாது. உங்கள் கிளையண்டுகளில் ஒருவரை நினைத்து, முதல் செஷனில் எதைக் கேட்டிருப்பேன், தற்கொலை எண்ணத்தை எப்போது விசாரித்திருப்பேன் என்று படிப்படியாக யோசிப்பதுதான் நல்ல தயாரிப்பு.

தேறிய பிறகு லைசென்ஸ் வழங்கக் கோரித் தனி விண்ணப்பமும் கட்டணமும் உண்டு. ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். தேர்வில் தேறிவிட்டோம் என்று மறுநாளே எல்.பி.சி.சி. என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். லைசென்ஸ் எண் மாநிலத் தேடல் பக்கத்தில் தெரியும்வரை நீங்கள் அசோசியேட்தான். வாராந்தர சூப்பர்விஷனும் அதுவரை தொடர வேண்டும், புதிதாக வரும் கிளையண்டிடம் “நான் சூப்பர்விஷனில் வேலை செய்யும் அசோசியேட்” என்று முதல் செஷனுக்கு முன்பே சொல்லவும் வேண்டும்.